நப்பா, சூயிட், லைனிங்

என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பஸ்ஸிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு கண்டக்டர் போன் செய்தபோது, நான் ஷூ கம்பெனியில், சூப்பர்வைசராக இருக்கும் தையல் லைனில் நின்றுகொண்டிருந்தேன். காலையில் ஆம்பூரில் ஏறியவள் பள்ளிக்கூட ஸ்டாப்பிலும் இறங்கவில்லை, கடைசி ஸ்டாப்பான வாணியம்பாடியிலும் இறங்கவில்லை. வண்டி திரும்பியபோதும் அதே சீட்டில் இருந்திருக்கிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுபடி வாணியம்பாடி, மறுபடி ஆம்பூர். மத்தியானம்தான் கண்டக்டருக்குச் சந்தேகம் வந்து, அவள் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைத் திருப்பி என் நம்பரைப் பார்த்திருக்கிறார்.

"சார், பதறாதீங்க. பாப்பா நல்லாதான் இருக்குது. எங்கயும் எறங்க மாட்டேங்குது, அவ்ளோதான்" என்றார்.

மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் அவர் சொன்னது முழுதாகக் கேட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் லைனை விட்டுவிட்டு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போனேன் என்பது இப்போதும் சரியாக நினைவில் வருவதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

டைம் கீப்பர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வாங்கிக் கொடுத்த பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் மடியில் இருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா."

"யாராவது எதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. கிளாஸ்ல ஒக்கார புடிக்கல."

அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. வீட்டில் என் மனைவி கேட்டுப் பார்த்தாள். எவனாவது தொந்தரவு செய்கிறானா, வாத்தியார் யாராவது தப்பாக நடந்துகொண்டாரா என்று ஒரு தாய் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். கடைசியில், "நான் இனிமே போவல" என்றாள் மகள். அழுகை இல்லை. தண்ணீர் வேண்டாம் என்பதைப் போலச் சொன்னாள்.

அந்த 'புடிக்கல' எனக்குப் பழக்கமான சொல். எங்கள் லைனுக்குத் தைக்க வரும் பெண்களிடம், சேரும் நாளில், எதுவரை படித்தாய் என்று கேட்டு எழுதுவது என் வேலைகளில் ஒன்று. "நைன்த்தோட நின்னுட்டேன் சார்" என்பார்கள். ஏன் என்றால், "புடிக்கல சார்" என்று சிரிப்பார்கள். அதற்குமேல் ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். என் மகளும் ஒன்பதாவதுதான். வேலைக்கு வரும் பெண்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்களோடுதான் பகல் முழுவதும் இருக்கிறேன். ஆனால் அவர்களிடம் மறுபடி படிக்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "ஹாஃப் இயர்லி வரைக்கும் போ. அதுக்கப்புறமும் புடிக்கலன்னா நின்னுக்கோ. நாங்க ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

மகள், "பரீட்சை வரைக்கும்தான்" என்றாள்.

ஒத்துக்கொண்டதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நாள்களில் எதுவும் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று மனைவி கேட்டால் சொல்லத் தெரியவில்லை. புது நம்பரிலிருந்து போன் வந்தால் மட்டும் லைனை விட்டு வெளியே ஓடினேன். இப்போதும் ஓடுகிறேன்.

மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கணக்கு டீச்சர் வராந்தாவில் எனக்காக நின்றிருந்தார். இந்த ஊர்க்காரர்தான். அவருடைய அப்பா டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மேல் அக்கறையுள்ளவர் என்று பெயர் எடுத்தவர். வகுப்பில் குரூப்புகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

அதைச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, "ஸ்லோ லேர்னர்னு சொன்னா பசங்க மனசு கஷ்டப்படுது. அதனால நம்ம ஊர் பேரா வெச்சிட்டேன். மூணு குரூப். நப்பா, சூயிட், லைனிங். ஒரு ஷூவுக்கு மூணும் வேணும்ல?" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். எவ்வளவு நன்றாக யோசித்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் மூன்று பெயராக இருந்திருக்கும். எங்கள் ஊரில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கும் அது தெரியும். நப்பா என்பது வழவழப்பான, தழும்பில்லாத தோல், ஷூவின் முகத்துக்குப் போவது. அதற்கு அடுத்தது சூயிட். முள் கிழித்தது, புண் பட்டது, ஓட்டை விழுந்தது எல்லாம் தரம் பிரிக்கும்போது தள்ளித் தள்ளி லைனிங்கில் வந்து சேரும். ஷூவுக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும். வகுப்பில் ஜன்னலோரம் இருந்த மூன்று பெஞ்சுகள் லைனிங். என் மகள் அங்கேதான் இருந்தாள்.

வராந்தாவில் டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "நான் ஒரு செயலாராய்ச்சி பண்ணிட்டிருக்கேன் சார். டீச்சரே தன் கிளாஸை ஆராய்ச்சி பண்றது. எது சரியா நடக்குது, எது நடக்கல, எதை மாத்தினா பசங்க நல்லா கத்துக்குவாங்கன்னு. ட்ரெய்னிங்ல எல்லாரும் ஒண்ணு பண்ணித் தரணும்னாங்க. ரிப்போர்ட்டுக்காகத்தான் ஆரம்பிச்சேன்."

போனைப் பீரோ மேல் வைத்துத் தன் வகுப்பைத் தானே பதிவு செய்து, வீட்டில் போட்டுக் கேட்கிறாராம். லைனிங் குரூப்புக்குத்தான் அதிகமாக நேரம் கொடுக்கிறார், அப்படியும் ஏன் அவர்கள் மேலே வரவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி.

"இப்ப ரிப்போர்ட் எனக்கு முக்கியமில்ல சார். உங்க பொண்ணு ஏன் வரலன்னு தெரியணும். நானே பாடம் நடத்திக்கிட்டு நானே என்னைப் பாக்க முடியல. நீங்க வந்து பின்னாடி ஒக்காந்து பாக்கறீங்களா?"

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு பெற்றோர் உறுப்பினர். அந்தச் சாக்கில் தலைமையாசிரியர் சம்மதித்தார். "ஒருத்தர விட்டா நாளைக்கு எல்லாரும் பாய எடுத்துக்கிட்டு வருவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தார். கணக்கு முதல் பீரியட். கம்பெனியில் காலை பர்மிஷன் கேட்டு வாங்கினேன். மகளிடம் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது.

"நீயா? எங்க கிளாஸுக்கா? பேஜார்ப்பா."

டீச்சர் என்னிடம் வகுப்பின் படம் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு கட்டம். அவர் யாரைக் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி என்றால் புள்ளி. ஏன், எப்படி என்று கேட்டால் வட்டம். கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை மனதுக்குள் எண்ணிப் பக்கத்தில் எழுத வேண்டும். பிள்ளை சொன்னது சரியா தப்பா என்பது எனக்கு வேலையில்லை. டீச்சர் செய்வதை மட்டும் பார்க்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் நான் போய் உட்கார்ந்ததும் முன்னால் இருந்த ஒருவன் திரும்பினான்.

"அங்கிள், நீங்க நப்பாவா லைனிங்கா?"

"நான் பேக்கிங்" என்றேன்.

அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. என் மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்னலும் கழுத்தும்தான் எனக்குத் தெரிந்தன. பஸ்ஸிலும் இப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தாளா என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்காமல் குறி போட ஆரம்பித்தேன்.

சில காலைகள் போன பிறகு, படம் தானாகவே ஒன்றைக் காட்டத் தொடங்கியது. சுவரோரம் இருந்த நப்பா பெஞ்சுகளில் வட்டங்கள் இருந்தன. அவர்களிடம் கேட்டுவிட்டு டீச்சர் காத்திருந்தார். தப்பாகச் சொன்னால், "அப்படியா? ஏன் அப்படி நெனைக்கிற?" என்று மேலும் கேட்டார். ஜன்னலோரம் எல்லாம் புள்ளிகள். கேள்விகளுக்கு அங்கே குறைவில்லை. அவர் சொன்னபடி அங்கேதான் அதிகம். ஆனால் எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். இது குறுங்கோணமா விரிகோணமா? ஆறும் மூணும் எவ்வளவு? பிள்ளை கொஞ்சம் தயங்கினால், அது தவிக்கக் கூடாது என்று அவரே பதிலைச் சொல்லிவிட்டு, "வெரி குட், ஒக்காரு" என்றார். அன்போடுதான் சொன்னார். கேட்கிற எவருக்கும் அது தெரியும். என் மகளுக்குத் தினம் ஒரு புள்ளி விழுந்தது.

ஒரு சாயந்திரம் படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். மற்றவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். டீச்சர் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நெடுநேரம் பார்த்தார். "கஷ்டமானதா கேட்டா அவங்களுக்கு அசிங்கமாயிடும்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

பிறகு, எனக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்றோ என்னவோ, போனை எடுத்தார். என் மகள் பஸ்ஸில் சுற்றியதற்கு முந்தின நாள் வகுப்பு அதில் இருந்தது. "நீங்களே கேளுங்க சார். அன்னிக்கு அவள நான் பாராட்டித்தான் இருக்கேன். ஒரு சுடுசொல் இல்ல."

முதலில் ஒரே இரைச்சல். பிறகு டீச்சரின் குரல், என் மகளின் பெயரைச் சொல்லி, "ஏழு ரெண்டு?"

அடுத்து அவள் குரல், "பதினாலு மிஸ்."

"வெரி குட். எல்லாரும் கை தட்டுங்க."

வகுப்பு கை தட்டியது. பலமாகவே தட்டியது. தட்டலுக்கு நடுவில், பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு பெஞ்சிலிருந்து ஒரு குரல், "டேய், லைனிங் பாஸாயிடுச்சுடா" என்றது. இன்னொரு குரல், செக்கிங் முடிந்த ஷூவுக்குச் சொல்வதைப் போல, "ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பு" என்றது. சிரிப்பு. டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

டீச்சர் போனை நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி போட்டார். அன்றைக்கு வகுப்பில் அந்தக் குரல்கள் அவர் காதில் விழவில்லை, கைதட்டல்தான் விழுந்திருக்கிறது. வீட்டில் கேட்டபோதும் தன் குரலைத்தான் கேட்டாராம். மூன்றாவது முறை போடப் போனபோது நான் வேண்டாம் என்றேன்.

ஒன்பதாவது படிக்கும் பெண்ணை எழுப்பி ஏழு ரெண்டு கேட்டிருக்கிறார். அவள் சரியாகச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே கை தட்டியிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. டீச்சர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலும் வரவில்லை, அந்தப் பையன்கள் மேலும் வரவில்லை. உள்ளே ஏதோ இருக்க வேண்டிய இடம் மரத்துப்போய்க் கிடந்தது. வெளியே வாட்ச்மேன் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன், ரெக்கார்டிங்கைக் கேட்டேன் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கை தட்டினதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"திட்டியிருந்தா போயிருப்பேன்ப்பா" என்றாள். "திட்டினா இன்னா, எல்லாரையும்தான் திட்டுவாங்க. பதினாலுக்குக் கை தட்டினாங்க." மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "அவங்க நல்லவங்க. அதான் யார்கிட்டயும் சொல்லத் தெரியல."

அடுத்த வாரம் டீச்சர் வகுப்பின் முன்னால் நின்று சொன்னார். நான் பின்னால் இருந்தேன். தான் தன்னையே ஆராய்ச்சி செய்வதாகவும், அதில் தான் வைத்த பெயர்கள் தப்பு என்று தெரிந்ததாகவும் சொன்னார். பசங்களுக்கு அது புதிது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப வேற பேரு வெக்கப் போறீங்களா மிஸ்?" என்று நப்பாவிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"பேரே வேணாம். குரூப்பும் வேணாம்."

"போச்சுடி, உன் சீட்டு போச்சு" என்று பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்தாள்.

சீட்டுக் குலுக்கி உட்கார வைத்தார். யாருக்குக் கேள்வி என்பதையும் குலுக்கித்தான் எடுத்தார். யாராக இருந்தாலும் ஏன், எப்படி என்றே கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். கைதட்டல் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

முதலில் அது மோசமாகத்தான் போனது. ஜன்னலோரத்திலிருந்து வந்த பிள்ளைகள் எழுந்து நின்று தரையைப் பார்த்தார்கள். டீச்சரின் கை சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தது. பதிலைத் தானே சொல்லிவிடாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நப்பா பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பாடம் பின்தங்கியது. தலைமையாசிரியர் ஒருநாள் வாசலில் நின்று, "ஆராய்ச்சியெல்லாம் சரி, போர்ஷன் யார் முடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் படத்தில் ஜன்னலோரக் கட்டங்கள் என்று தனியாக எதுவும் இல்லாமல் போனது. வட்டங்கள் எல்லா இடத்திலும் விழுந்தன. என் மகளின் முறை வந்த நாள்களில், "தெரியல மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். டீச்சர் வெரி குட் சொல்லவில்லை. "சரி, யோசி. திரும்ப வருவேன்" என்றார்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. எழுதினாள். கணக்கில் மார்க் முன்பிருந்ததைவிடப் பெரிதாக ஏறவில்லை. விடுமுறையில் அவள் பள்ளியைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க மாட்டோம் என்பதுதானே பேச்சு. அவள் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நானும் என் மனைவியும் வேறு பக்கம் பார்த்தோம். பள்ளி திறந்த அன்று குளித்துவிட்டு யூனிஃபார்மோடு வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். என் மனைவி இட்லி வைத்தாள். வாய் திறந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பயம். அன்று ஒரு நாள் போனால் போதும் என்று மகள் நினைத்திருக்கலாம்.

நான் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இணைகரம் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் சீட்டு எடுத்தார். என் மகளின் பெயர்.

"மூலைவிட்டம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சமமா வெட்டும்னு புக்குல போட்டிருக்கு. அது உண்மைன்னு நாம எப்படி நம்பறது?"

எழுந்து நின்றாள். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். யாரோ இருமினார்கள். பக்கத்துப் பெண் நோட்டில் எதையோ எழுதி அவள் பக்கம் தள்ளினாள். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். எண்ணிக்கை எனக்கு எங்கேயோ தவறிவிட்டது. டீச்சர் சொல்லிவிட்டால் நல்லது, யாராவது சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

"முழுசா தெரியல மிஸ்" என்றாள். "ஆனா அதுக்குள்ள முக்கோணம் இருக்குதுல்ல. அதுல ரெண்டு ஒரே மாதிரின்னு காட்டிட்டா வரும்னு நெனைக்கிறேன்."

"எது ரெண்டு? வந்து போடு."

போர்டுக்குப் போனாள். வரைந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு முக்கோணங்களுக்குக் குறி போட்டாள்.

"தப்பு" என்றார் டீச்சர்.

அந்த வகுப்பில் அவளிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் முதுகைப் பார்த்தேன்.

"ஏன் தப்பு?" என்று டீச்சர் கேட்டார்.

அவள் ஒரு அடி பின்னால் வந்து படத்தைப் பார்த்தாள். "இது ஒல்லியா இருக்குது, இது குண்டா இருக்குது" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "பக்கத்துல இருக்கறது இல்ல மிஸ். எதிர்த்தாப்ல இருக்கறது." உள்ளங்கையாலேயே குறிகளை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஒரு பக்கம் சமம் என்று எழுதினாள். கோணத்தில் தடுமாறி நின்றாள். பெல் அடித்துவிட்டது.

பிள்ளைகள் பையைத் திறக்க ஆரம்பித்தார்கள். யாரும் கை தட்டவில்லை. அவள் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"மிஸ், நாளைக்கு இத நானே முடிக்கட்டுமா? யாருக்கும் குடுக்காதீங்க."

"உன்னுதுதான்" என்றார் டீச்சர். போர்டில் அந்தப் படத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'அழிக்காதே' என்று எழுதினார்.

நான் கம்பெனிக்குக் கிளம்பியபோது அவள் வராந்தாவில் பின்னாலேயே வந்தாள். விரல்களிலெல்லாம் சாக்பீஸ் தூள்.

"ப்பா, நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

"ஏம்மா?"

"நீ பின்னாடி ஒக்காந்திருந்தா எனக்குக் கையெல்லாம் வேர்க்குது. நீ மூச்சு விடறது முன்னாடி வரைக்கும் கேக்குது."

சரி என்றேன். அவள் திரும்பி அடுத்த வகுப்புக்கு ஓடினாள். படத்தை டீச்சரிடம் கொடுத்தேன். என் மகளின் கட்டத்தில் வட்டம் இருந்தது. பக்கத்தில் காத்திருந்த நேரத்தை எழுதும் இடம் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு மற்ற படங்களோடு சேர்த்து வைத்தார்.

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் பள்ளி கேட் அருகே நின்றேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.